பிள்ளைகளுக்கான மர ரேஸ் கார்ப் பட்டறை: காலி அறையிலிருந்து முதல் ஓட்டம் வரை

ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையின் கையில் ஒரு மரக்கட்டையையும் ரம்பத்தையும் கொடுத்துப் பாருங்கள். முதல் இழுப்பிலேயே கட்டை நகரும். பிள்ளை உடனே இடது கையால் அதை அழுத்திப் பிடிக்கும். அந்தக் கை ரம்பத்துக்கு ஓர் அங்குலம் தள்ளித்தான் இருக்கும். நான் பார்த்த சிறு காயங்களில் முக்கால்வாசி இந்த ஓர் அங்குலத்தில் நடந்தவை. அதனால் பட்டறை அமைக்கப் போகிறேன் என்று யார் வந்தாலும், எந்த மெஷின் வாங்கலாம் என்ற பேச்சுக்கு முன்னால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கட்டையை எது பிடிக்கப் போகிறது?

இதற்கு ஒழுங்கான பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் பெரும்பாலும் சுலபம். கிடைக்காவிட்டால் எவ்வளவு செலவு செய்தாலும் கடைசியில் பெரியவர்கள் அறுத்துக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

எந்தக் காருக்கான பட்டறை?

இந்த வழிகாட்டி கையடக்கமான மரக் கார்களுக்கானது. மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. சரிவான டிராக்கின் உச்சியிலிருந்து விட்டால் தன் எடையாலேயே ஓடும். 1953 மே 15 அன்று அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்பி என்ற சாரணர் குழுத் தலைவர் இப்படி ஒரு போட்டியை முதன்முதலில் நடத்தினார். பிள்ளைகள் தாங்களே உட்கார்ந்து ஓட்டும் பெரிய மரக் கார்ப் போட்டியில் சேர அவருடைய மகனுக்கு வயது போதவில்லை. அதனால் அந்த வயதுப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்யக்கூடியதாக ஒன்றை யோசித்தார். அதுதான் பைன்வுட் டெர்பி. பெயரிலேயே பைன் மரம் இருக்கிறது.

அங்கே நிலைத்துவிட்ட அளவுகள் பட்டறை போடுகிறவருக்கு இன்றைக்கும் வசதியானவை. கட்டை 7 அங்குல நீளம், 1¾ அங்குல அகலம், 1¼ அங்குல உயரம். அச்சுக்கு அச்சு 4⅜ அங்குலம். நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், அச்சாக நான்கு ஆணிகள். முழுக் காரின் எடை 5 அவுன்ஸ், அதாவது சுமார் 141.7 கிராமைத் தாண்டக் கூடாது. உங்கள் போட்டிக்கு வேறு விதி வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் மேசை போடுவதற்கு முன்பே விதியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வாங்கும் ட்ரில் பிட்டின் அளவு வரைக்கும் அந்தத் தாள்தான் தீர்மானிக்கும்.

முதல் படி: எத்தனை பேர், எத்தனை நாள்

கருவி வாங்குவதற்கு முன் தலைகளை எண்ணுங்கள். என் அனுபவத்தில் ஒரு வேளைக்கு 12 பிள்ளைகள் போதும். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும். இது போக, அறுக்கும் இடத்தை விட்டு நகராத ஒருவர் தனியாக வேண்டும். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். பசையும் பெயின்டும் காய நேரம் கேட்கும். ஒரு நாள் அறுப்பதும் தேய்ப்பதும், இன்னொரு நாள் பெயின்ட், மூன்றாவது நாள் எடையும் சக்கரமும் என்று பிரித்தால் நிதானமாகப் போகும். ஒரே வேலையை எல்லோரும் ஒரே நேரத்தில் செய்யாமல் குழுக்களாகச் சுழற்றி விட்டால் கருவிகளும் பாதி போதும்.

இரண்டாம் படி: மேசையும் பிடிமானமும்

பெரியவர்களின் மேசை பிள்ளைகளுக்கு உதவாது. தோளைத் தூக்கிக்கொண்டு அறுக்கிற பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். பிள்ளை நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடட்டும். மேசையின் மேற்பலகை மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில் வர வேண்டும். எட்டிலிருந்து பத்து வயது வரை பெரும்பாலும் 60 முதல் 70 சென்டிமீட்டர் உயரம் சரியாக இருக்கும். உயரமான மேசைதான் இருக்கிறது என்றால் காலுக்கடியில் அகலமான, ஆடாத பலகை மேடை போடுங்கள். ஸ்டூல் வேண்டாம்.

மேசை கனமாக இருக்க வேண்டும். ஆடும் மேசையில் எந்த ரம்பமும் நேராகப் போகாது. சுவரோடு ஒட்டிப் போடுங்கள், அல்லது கீழ்த்தட்டில் மணல் மூட்டை வையுங்கள்.

அடுத்தது வைஸ், அதாவது கட்டையை இரண்டு தாடைகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கும் கருவி. என் முதல் பட்டறையில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வைஸ் வைத்திருந்தேன். காலை முழுவதும் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். பொறுமை போன ஒரு பையன் கட்டையைத் தொடையில் வைத்து அறுக்கத் தொடங்கினான். நல்ல வேளையாகக் கால்சட்டை மட்டும்தான் கிழிந்தது. அன்றிலிருந்து அறுக்கும் மேசையில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வைஸ் என்பதை நான் விட்டுக்கொடுத்ததில்லை. 3 அங்குல வாய் கொண்ட சிறிய வைஸ் போதும். மேசையில் போல்ட் போட்டு முடுக்குங்கள். மேசை விளிம்பில் திருகி மாட்டும் வகை பாதி வேலையில் கழன்று வரும். வைஸின் இரண்டு இரும்புத் தாடைகளிலும் மெல்லிய மரத்துண்டை ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் பைன் மரத்தில் பல் பதிந்துவிடும்.

வைஸுக்குத் துணையாக ஆளுக்கொரு தடுப்புப் பலகை செய்து கொடுங்கள். ஓர் அடி நீளம், எட்டு அங்குல அகலம் உள்ள பலகை. அதன் அடியில் முன்விளிம்போடு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), மேலே பின்விளிம்போடு இன்னொரு ரீப்பர். அடி ரீப்பர் மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும். மேல் ரீப்பரில் கட்டையை முட்டுக்கொடுத்து அரத்தால் ராவலாம். கட்டையைத் தள்ளுகிற விசையே அதை அசையாமல் வைக்கும். அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். எந்த மெஷினையும்விட இந்தப் பலகைதான் என் பட்டறையில் அதிகம் உழைக்கிறது.

ஒரு சிக்கல் எல்லோருக்கும் வரும். கார் வடிவத்துக்கு வந்த பிறகு அதை வைஸில் பிடிக்க முடியாது; சரிவாகவும் வளைவாகவும் இருக்கும். இதற்குக் காரின் அடிப்பக்கத்தில் ஒரு கழிவுக் கட்டையை இரண்டு ஸ்க்ரூ போட்டு மாட்டிவிடுங்கள். வைஸ் அந்தக் கட்டையைப் பிடிக்கட்டும், கார் மேலே நிற்கட்டும். பின்னால் எடை வைக்கப்போகும் இடத்தில் ஸ்க்ரூவைப் போட்டால் அந்த ஓட்டையும் வீணாகாது.

மூன்றாம் படி: கைக்கருவிகள்

மெஷினைவிடக் கைக்கருவிக்கு முதலில் செலவு செய்யுங்கள். ரம்பத்தில் இரண்டு வகை வேண்டும். நேராக அறுக்க, இழுக்கும்போது வெட்டும் சிறிய ரம்பம். அதன் தகடு மெல்லியது, இழுக்கும்போது விறைத்து நிற்பதால் மடங்காது, பிள்ளைக்குப் பலமும் அதிகம் தேவைப்படாது. வளைவாக அறுக்க காப்பிங் சா என்கிற வில் ரம்பம். இதன் தகடு அடிக்கடி அறும் என்பதால் ஆளுக்கு இரண்டு உபரித் தகடு வையுங்கள். பற்கள் கைப்பிடியைப் பார்த்திருக்கும்படி மாட்டுங்கள், அப்போதுதான் இழுக்கும்போது வெட்டும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காரின் பக்கவாட்டு வடிவத்தை அறுக்கும்போது ரம்பம் 1¾ அங்குலத் தடிமனைக் கடந்து போகிறது. ஒன்பது வயதுக் கைக்கு அது நீண்ட தூரம். வளைந்து வளைந்து போகும் வடிவத்தை வரைந்து கொண்டுவரும் பிள்ளை பாதியில் அழுதுவிடும். அதனால் முதல் காருக்கு ஆப்பு வடிவம் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வளைவை அரமும் உப்புத்தாளும் பார்த்துக்கொள்ளும். மரத்தை வாரியெடுக்கும் முரட்டு அரம் ஒன்றும், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் அரைவட்டமாக உள்ள அரம் ஒன்றும் இரண்டு பிள்ளைகளுக்குப் பொதுவாக இருக்கட்டும். அரத்தின் கூரான வாலில் கட்டாயம் பிடி போட்டிருக்க வேண்டும். பிடி இல்லாத அரத்தைப் பெட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

இவை போக மூலைமட்டம், ஸ்கேல், பென்சில், சிறிய சுத்தியல், கையால் சுற்றும் ட்ரில். கூரான உளியைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

கருவிகளைப் பெட்டியில் குவிக்காமல் ஒரு பலகையில் மாட்டி, ஒவ்வொன்றின் உருவத்தையும் அதன் பின்னால் வரைந்து வையுங்கள். காலியாகத் தெரியும் உருவம், எந்தக் கருவி திரும்பி வரவில்லை என்பதைச் சொல்லிவிடும். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே கற்றுக்கொள்கிறார்கள்.

நான்காம் படி: மெஷின்கள்

இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பட்டறை நடக்கும். வாங்குவதானால் வரிசை இது: தாங்கியில் நிற்கும் ட்ரில் மெஷின், பிறகு ஸ்க்ரோல் சா என்கிற வளைவு அறுக்கும் மெஷின் ரம்பம், அப்புறம் வேண்டுமானால் பெல்ட் சாண்டர் என்கிற தேய்க்கும் மெஷின். இவை தனி மூலையில், தரையில் மஞ்சள் கோடு போட்டு, கோட்டுக்கு உள்ளே பெரியவர் மட்டும் என்று இருக்கட்டும். ஸ்விட்ச் போர்டுக்குப் பூட்டு போடுங்கள். சுழலும் மெஷின் பக்கத்தில் கையுறை போடக் கூடாது. துணி பிட்டில் சுற்றிக்கொண்டால் கையையும் சேர்த்து இழுக்கும். நீண்ட முடியைக் கட்ட வேண்டும், தொங்கும் துப்பட்டாவையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றி வைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: தூசி, கண், காயம்

மரத்தூளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஆண்டுக்கணக்கில் அதிலேயே வேலை செய்கிறவர்களை வைத்துச் சொன்னது அது. மூன்று நாள் பட்டறைக்குப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் பழக்கம் இங்கேதான் உருவாகிறது. தேய்க்கும் மேசையை வாசலிலோ தாழ்வாரத்திலோ போடுங்கள். பிள்ளையின் முகத்துக்குப் பொருந்தும் அளவில் முகக்கவசம் வாங்குங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூள் மறுபடி காற்றில் ஏறும். வேக்குவம் கிளீனரோ ஈரத்துணியோ நல்லது. மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையின் தூள் இன்னும் நுண்மையானது, அதில் ஃபார்மால்டிஹைட் கலந்த பசையும் இருக்கிறது. அதைப் பிள்ளைகள் பட்டறைக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

கண்ணாடி ஆளுக்கொன்று, பெரியவர்களுக்கும் சேர்த்து. நாம் போடாமல் பிள்ளையைப் போடச் சொன்னால் நடக்காது. முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, பிளாஸ்திரியோடு சிலாம்பு எடுக்க நுனி மெல்லிய ட்வீசரும் ஒரு பூதக்கண்ணாடியும் இருக்கட்டும். அதிகம் எடுக்கப்போவது அந்த இரண்டைத்தான்.

ஆறாம் படி: கட்டையைத் தயார் செய்வது

கணு இல்லாத, நார் நேராக ஓடும் பைன் கட்டையாகப் பொறுக்குங்கள். கணு இருக்கும் இடத்தில் ரம்பம் சிக்கும், ட்ரில் பிட் விலகும். கட்டை, சக்கரம், ஆணி எல்லாம் சேர்ந்து விற்கும் கிட்டில் வரும் கட்டையின் அடியில் அச்சுக்கு இரண்டு பள்ளங்கள் ஏற்கெனவே வெட்டியிருக்கும். அவை இரு முனைகளிலிருந்தும் ஒரே தூரத்தில் இருக்காது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எந்தப் பக்கத்தைக் காரின் முன்பக்கமாக வைத்துக்கொள்வது என்று அவர்களே முடிவு செய்யட்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். சரியான கோணத்தில் இல்லாத பள்ளம் உள்ள கட்டை எவ்வளவு அழகாக வந்தாலும் கோணிக்கொண்டுதான் ஓடும். அறுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

வடிவத்தை முதலில் தாளில் வரைந்து, வெட்டி, கட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். பள்ளங்களின் மேலே குறைந்தது அரை அங்குல மரம் இருக்க வேண்டும் என்ற கோட்டைத் தாளிலேயே சிவப்பில் போட்டுக் கொடுத்தால், ஆணி அடிக்கும்போது கட்டை பிளக்காது.

உப்புத்தாளில் 80, 120, 220 எண்கள் மூன்றும் போதும்; எண் கூடக் கூடத் தாள் நுண்மையாகும். கையில் மடித்துப் பிடிக்காமல் சிறு கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும், நார் ஓடும் திசையிலேயே. ஒரு பிள்ளை இதைச் செய்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்க்கச் சொல்வேன். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். “இங்கே இன்னும் சொரசொரன்னு இருக்கு” என்று அவர்களே கண்டுபிடித்து மறுபடி எடுத்துத் தேய்ப்பார்கள்.

ஏழாம் படி: அச்சும் சக்கரமும்

வேகத்தின் பெரும்பகுதி இந்த மூலையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் வடிவத்துக்கும் பெயின்டுக்கும் மணிக்கணக்கில் செலவிடுவார்கள். அச்சுக்கு வரும்போது களைத்திருப்பார்கள். அதனால் இதை ஒரு நாளின் கடைசி வேலையாக வைக்காமல், வேறு ஒரு நாளில், காலையில், நல்ல வெளிச்சமுள்ள மேசையில் வையுங்கள்.

ஓர் ஆணியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் காட்டுங்கள். தலைக்குக் கீழே இரண்டு சிறு பிசிர்கள், தண்டின் இருபுறமும் மெல்லிய வரப்புகள். தொழிற்சாலையில் ஆணியை மெஷின் இறுக்கி நசுக்கியபோது உண்டானவை. சக்கரத்தின் உள்துளை ஒவ்வொரு சுற்றிலும் இவற்றின் மீதுதான் உரசுகிறது. ஆணியைக் கை ட்ரில்லில் மாட்டி, ட்ரில்லை வைஸில் கிடையாகப் பிடித்து, ஒரு பிள்ளை கைப்பிடியைச் சுற்ற, இன்னொரு பிள்ளை மெல்லிய அரத்தைத் தலையின் கீழ் இலேசாக வைக்க வேண்டும். பிசிர் போனதும் நீளவாக்கில் நறுக்கிய உப்புத்தாள் நாடா: முதலில் 400, பிறகு 600, 1000, கடைசியில் 2000. 600-க்கு மேல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் போதும். கடைசியில் ஆணியில் ஜன்னல் வெளிச்சம் ஒரு கோடாகப் பளபளக்கும். அதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்துக்காகவே இந்த மூலையை நன்றாக அமைக்கலாம்.

சக்கரம் ஆணியில் வழுக்கிச் சுழலக் கிராபைட் தூள் வேண்டும். எண்ணெய் வேண்டாம். அது தூசியைப் பிடித்துப் பிசுபிசுப்பாகும், சில பிளாஸ்டிக்குகளையும் கெடுக்கும். கிராபைட் கறுப்பாக அப்பும், தரையில் சிந்தினால் வழுக்கும். ஓரம் உயர்ந்த தட்டுக்குள் வைத்துத்தான் போட வேண்டும். பெயின்ட் மேசையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

ஆணியை உள்ளே தள்ளும்போது சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு தடித்த அட்டையின் அளவுக்கு இடைவெளி விடுங்கள். ஆளுக்கொரு அட்டைத்துண்டு கொடுத்துவிட்டால் அளக்கவே வேண்டாம். சக்கரம் சுழல்வதையும் கார் நேராக ஓடுவதையும் சோதித்த பிறகுதான் பசை. பசை ஒரே ஒரு துளி, பள்ளத்தின் நடுப்பகுதியில். சக்கரத்தின் பக்கம் ஓடிவிட்டால் அந்த ஆணி முடிந்தது. நொடியில் ஒட்டும் பசைகளைப் பெரியவர்களே கையாளட்டும்.

நேராக ஓடுகிறதா என்று பார்க்க நான்கு அடி நீளமுள்ள சமமான பலகை வேண்டும். நடுவில் ஒரு கோடு. ஒரு முனையை இலேசாகத் தூக்கிக் காரை விடுங்கள். நான்கு அடிக்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் விலகினால் ஆணியைச் சற்றே திருப்பி மறுபடி விடுங்கள். டிராக்கில் ஓரம் உரசிக்கொண்டே போகும் கார் எவ்வளவு பளபளத்தாலும் பின்தங்கும்.

எட்டாம் படி: எடை

தராசு 0.1 கிராம் காட்டட்டும். சமையலறைத் தராசும் வேலை செய்யும், ஆனால் போட்டி நாளன்று எந்தத் தராசோ அதையே பட்டறையிலும் வையுங்கள். இரண்டு தராசுகள் இருந்தால் வாக்குவாதமும் இரண்டு.

முழுக் கட்டை கிட்டத்தட்ட 110 கிராம் இருக்கும். ஆப்பு வடிவத்துக்கு அறுத்த பிறகு பாதியளவு மீதி. சக்கரம், ஆணி சேர்த்தாலும் 141-க்கு இன்னும் 70 கிராம் போல இடமிருக்கும். அதை எதனால் நிரப்புவது? ஈயம் வேண்டாம். தீங்கில்லாத அளவு என்று ஈயத்துக்கு எதுவும் தெரிய வரவில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. பிள்ளைகள் அரத்தால் ராவும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. இரும்பு நட்டும் வாஷரும் தாராளமாகப் போதும். இரும்பு ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7.8 கிராம், டங்ஸ்டன் 19.3. அதாவது 70 கிராமுக்கு இரும்பு 9 கன சென்டிமீட்டர் இடம் கேட்கும், டங்ஸ்டன் 4-க்கும் குறைவு. டங்ஸ்டன் விலை கூடியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், இல்லையென்றால் எல்லோருக்கும் இரும்பு.

எடை பின்பக்கம் இருக்க வேண்டும். கார் சரிவில் நிற்கும்போது பின்பக்கம்தான் உயரத்தில் இருக்கிறது. எடை எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறதோ அவ்வளவு வேகம். காரை ஒரு பென்சிலின் மேல் வைத்து எங்கே சமநிலையாக நிற்கிறது என்று பாருங்கள். பின் அச்சுக்கு 2 அல்லது 2.5 சென்டிமீட்டர் முன்னால் அந்தப் புள்ளி வந்தால் நல்லது. அதற்கும் பின்னால் போனால் முன்சக்கரம் இலேசாகி கார் ஆட்டம் போடும். எடையை முழுதாக ஒட்டிவிடாமல், கடைசி இரண்டு மூன்று கிராமை ஒரு சிறு ஸ்க்ரூவாக வையுங்கள். போட்டித் தராசில் கூடினால் அதைக் கழற்றினால் போதும்.

ஒன்பதாம் படி: பெயின்ட்

இது சக்கரம் மாட்டுவதற்கு முன், இரண்டாம் நாளில் செய்யும் வேலை. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் போதும். அச்சுப் பள்ளங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். காய வைக்க, ஒரு பலகையில் ஆணிகளை இரண்டிரண்டாக அடித்து அதன் கூர்முனைகளில் காரை உட்கார வைக்கலாம். அந்தப் பலகை பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் இருக்கட்டும். ஸ்ப்ரே பெயின்ட் என்றால் திறந்தவெளி, பெரியவர் கை.

பத்தாம் படி: டிராக்

நான்கு வழி டிராக் இருந்தால் போட்டி விறுவிறுப்பாகும். தொடக்கம் ஏறக்குறைய நான்கு அடி உயரத்தில், சரிவு முடிந்ததும் சமதளம். ஒவ்வொரு வழியின் நடுவிலும் 1⅝ அங்குல அகலத்தில் ஒரு பட்டை ஓடும், சக்கரங்கள் அதன் இருபுறமும் செல்லும். காரின் அடிப்பாகம் தரையிலிருந்து ⅜ அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். அடியில் எடை பிதுங்கிக்கொண்டிருந்தால் பட்டையில் இடிக்கும். பலகைகள் சேரும் இடங்களை விரலால் தடவிப் பாருங்கள், ஒரு நகத்தின் அளவு மேடு இருந்தாலும் இழைத்துவிடுங்கள்.

நான்கு வழியும் ஒருபோதும் ஒன்றுபோல இருக்காது. அதனால் ஒவ்வொரு காரும் ஒவ்வொரு வழியிலும் ஒரு தடவை ஓடும்படி அட்டவணை போடுங்கள். இதைச் செய்யாமல் ஒரே ஓட்டத்தில் தோற்றவரை வெளியேற்றினால், மோசமான வழி கிடைத்த பிள்ளை ஒரே நிமிடத்தில் வீட்டுக்குப் போகும். அத்தனை பாடுபட்டுச் செய்த காருக்கு நாலு ஓட்டமாவது கிடைக்க வேண்டும்.

டிராக்கின் முடிவில் தடித்த மெத்தை போடுங்கள். சக்கரம் கழல்வது பெரும்பாலும் அங்கேதான். அதே இடத்தில் ஒரு பழுதுபார்க்கும் பெட்டியோடு ஒருவர் உட்காரட்டும்: தேய்த்துத் தயாராக வைத்த ஆணிகள் பத்து, உபரிச் சக்கரங்கள், இடைவெளி அட்டை, கிராபைட், கொறடு, பசை. கழன்ற சக்கரத்தை ஏந்திக்கொண்டு ஓடி வரும் பிள்ளையிடமிருந்து காரை வாங்கி நீங்களே சரி செய்துவிடாதீர்கள். காரை வைஸில் பிடித்துக் கொடுத்து, கொறடை அவர்கள் கையில் கொடுங்கள்.